சைக்கிளுக்குக் காற்றடித்த அப்பா

படித்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் பள்ளிக்கூடத்து நூல் ஒழுங்குக் குழுவின் முதல் விதி இதுதான். ஒரு புத்தகத்தின் மேல் புகார் வந்தால், அதை முழுதாகப் படித்த ஆள் கூட்டத்தில் பேசத் தகுதியில்லாதவர். படித்தவருக்கு அதன் மேல் ஓர் ஒட்டுதல் வந்துவிடுமாம், நடுநிலைமை போய்விடுமாம். புகார் கொடுத்தவர் மட்டும் அந்தத் தப்பான பக்கத்தைப் படித்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அதைக் கௌரவமான வார்த்தைகளில் எடுத்துச் சொல்வார். கேட்டுவிட்டு எல்லாரும் கையைத் தூக்குவார்கள்.

நான் அந்தப் பள்ளியின் நூலகர். எல்லாவற்றையும் படித்துத் தொலைத்தவள். அதனால் கூட்டத்தில் எனக்குக் கதவோரம் ஒரு ஸ்டூல், மூடிய வாய், கையில் குற்றவாளிப் புத்தகம்.

குழுவின் தலைவர் எங்கள் தலைமையாசிரியர். அவரைப் பிள்ளைகள் ‘பார்க்கலாம் சார்’ என்பார்கள். கூரை ஒழுகுகிறது என்றாலும் பார்க்கலாம், கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றாலும் பார்க்கலாம். இந்தப் புத்தக விஷயம் ஒன்றில்தான் மனுஷன் உடனுக்குடன் பார்த்தார். மற்ற இரண்டு பேரும் பெற்றோர்கள். ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் டைல்ஸ் கடைக்காரர்.

பல் டாக்டரின் முதல் புகார், உண்மை பேசிய பிள்ளைகளுக்கு ராஜா மிட்டாய் கொடுக்கும் ஒரு படக்கதை மேல். “நேர்மைக்கு மிட்டாய்னு சொல்லிக்குடுத்தா பல்லு என்னத்துக்கு ஆகும் சார்?” என்று கண் கலங்கக் கேட்டார். ராஜா போனார். அடுத்து டைல்ஸ் கடைக்காரர் நிலநடுக்கம் பற்றிய புத்தகத்தோடு வந்தார். “தரை பொளந்து நிக்கிற மாதிரி பெருசா படம் போட்டிருக்கான் சார். டைல்ஸ் எல்லாம் பேத்துக்கிட்டு நிக்குது. சின்னப் பசங்க மனசுல தரை மேலயே நம்பிக்கை போயிடாதா?” என்றார். போயிடும், போயிடும் என்று தலைகள் ஆடின. நிலநடுக்கமும் போயிற்று.

எனக்கு வயிறு எரியும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அதுவரை எனக்கு அது தமாஷாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து நடித்துக்காட்டுவேன், என் கணவர் சிரித்துச் சிரித்துப் புரையேறுவார். அவருடைய அக்காவே ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு வந்த அன்றைக்குத்தான் இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றது.

அந்த அக்கா, எனக்கு அண்ணி, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணியின் காலடியில் இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக் உலகத்தில் எல்லா வண்டிக்கும், எல்லா மனிதருக்கும் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பெற்றோர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவி. அவர் உள்ளே நுழைந்தால் பார்க்கலாம் சாரே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

அண்ணியின் கணவர் வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மார்க்கெட் தாண்டி இரண்டாவது தெருவில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறார். எங்களுக்கெல்லாம் தெரியும், கடைக்காரர்களுக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும். ஆனால் அண்ணி வீட்டில் அவர் ‘ஆபீஸ் வேலையா வெளியூர் போயிருக்கார்’. அவ்வளவுதான். எந்த ஊர், எப்போது வருவார் என்று யாரும் கேட்கக் கூடாது. அவருடைய பல் துலக்கும் பிரஷ் குழாயடியில் அப்படியே நிற்கும். பழசாகிவிட்டால் அண்ணியே புதிது வாங்கி வைத்துவிடுவார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பக்கம் கோபமாக வரும், ஒரு பக்கம் அழுகையாக வரும்.

அவர்களுக்கு ஒரே பெண். ஏழாம் வகுப்பு. நாங்கள் சிட்டு என்று கூப்பிடுவோம். முன்பெல்லாம் வாய் ஓயாத பெண். அப்பா போனதிலிருந்து வீட்டில் அவள் பேச்சு ‘சரி’, ‘வேணாம்’, ‘தூங்கப் போறேன்’ என்று சுருங்கிவிட்டது. பள்ளி விட்டதும் நேராக என் நூலகத்துக்கு வருவாள். வேதியியல் ஆய்வகத்துக்கு அடுத்த அறை அது. ஜன்னலைத் திறந்தால் ஆசிட் வாடை, மூடினால் பழைய தாள் வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பாள். அம்மா கடைசி வகுப்பு முடித்துக் காரோடு வரும்வரை அங்கேதான்.

அப்படித்தான் அவள் ஒரு நாள் அலமாரியிலிருந்து அந்த நீல அட்டைப் புத்தகத்தை எடுத்தாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் அண்ணி அப்படித்தான் நினைத்தார். ரயில்வே பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. அதில் ஒரு பெண், அம்மா, ரேடியோ ரிப்பேர் பார்க்கும் அப்பா. கதையின் நடுவில் அப்பா ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அதற்கப்புறம் அம்மாவும் பெண்ணும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது மீதிக் கதை. பெரிய சோகமெல்லாம் இல்லை. பாதிக்கு மேல் சிரிப்புதான்.

“அத்தை, இதுல வர்ற அப்பா எங்க அப்பா மாதிரியே விசிலடிக்கிறாரு” என்றாள் சிட்டு. அவள் வாயிலிருந்து ‘அப்பா’ என்ற வார்த்தை வந்து எத்தனையோ நாளாகியிருந்தது. நான் அலமாரியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் புத்தகத்தை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். முன்பகுதியைப் படித்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள். காலையில் படுக்கையை உதறப் போன அண்ணி அதைக் கையில் எடுத்து, நடுவில் பிரித்திருக்கிறார். பிரித்த இடம் சரியாக அந்தப் பெட்டி அத்தியாயம். நின்ற வாக்கில் அதை மட்டும் படித்துவிட்டு, புத்தகத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டார்.

“அப்பான்னா வீட்ட விட்டுப் போயிடுவாருன்னு பசங்களுக்குச் சொல்லிக்குடுக்குது சார் இந்தப் புத்தகம்” என்றார் கூட்டத்தில். “நல்லா இருக்கற குடும்பத்துப் பிள்ளைங்க படிச்சா என்ன ஆகும்? தெனமும் அப்பா செருப்பு மாட்டும்போதெல்லாம் பயந்துகிட்டே நிக்குமா?”

பல் டாக்டர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பழைய குரூப் போட்டோவைக் கவனமாகப் பார்த்தார். டைல்ஸ் கடைக்காரர் தரையைப் பார்த்தார். அவருக்கு அது தொழில் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. மார்க்கெட்டில் வாராவாரம் அண்ணியின் கணவரைப் பையும் கையுமாகப் பார்க்கிறவர்கள்தான் இரண்டு பேரும்.

நான் ஸ்டூலில் இருந்து எழுந்தேன். “சார், ஒரு வார்த்தை. அந்தக் கதைல—”

“நீங்க படிச்சிருக்கீங்களா?” என்றார் பார்க்கலாம் சார்.

“படிச்சிருக்கேன்.”

“அப்ப உக்காருங்க.”

உட்கார்ந்தேன். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

மூன்று கைகள் தூக்கப்பட்டன. ஆனால் ஒரு சிக்கல். ராஜாவும் நிலநடுக்கமும் பெற்றோர் நன்கொடையாகத் தந்தவை, பழைய பேப்பர்காரனிடம் போட்டாயிற்று. இது அரசு நிதியில் வாங்கியது. கழித்துக்கட்ட வேண்டுமென்றால் மேலிடத்துக்கு எழுத வேண்டும். எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பார்க்கலாம் சாருக்கு முகம் வேர்த்துவிட்டது.

“பாக்கலாம்” என்று இழுத்தார். பிறகு முகம் தெளிந்தது. “ஏங்க, அந்த அத்தியாயம் ஒண்ணுலதான தப்பு இருக்கு? அத மட்டும் வெட்டி எடுத்துட்டா? புஸ்தகமும் இருக்கும், தப்பும் இருக்காது.”

அடேயப்பா, எப்பேர்ப்பட்ட மூளை! கைதட்டாத குறை. அண்ணி அரை மனதாக ஒப்புக்கொண்டார். வெட்டி முடித்ததும் தானே வந்து சரிபார்ப்பேன் என்றார். வெட்டுகிற வேலை யாருக்கு? எனக்குத்தான், வேறு யாருக்கு. கூட்டம் பெரிய காரியம் சாதித்த திருப்தியோடு பிஸ்கட் சாப்பிட்டுக் கலைந்தது.

அன்று சாயங்காலம் சிட்டு வந்தாள். “அத்தை, அந்தப் புத்தகம் எங்க? அம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“ஹெட்மாஸ்டர் ரூம்ல இருக்கு.”

“எப்ப வரும்?”

“வரும்.”

“அந்த அப்பா ரேடியோவ சரி பண்ணி முடிச்சாரா?”

“நீயே படிச்சுப் பாரேன்” என்றேன். வேறென்ன சொல்ல? அதற்கப்புறம் தினமும் வந்தாள், தினமும் கேட்டாள். வேறு புத்தகம் தந்தால் தொட மாட்டாள். ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவாள். அவளுக்கு அந்தக் கதையின் மீதி வேண்டும். எனக்கோ அந்தப் பெண் மறுபடி வாயடைத்துப் போய்விடக் கூடாது என்று அடித்துக்கொண்டது.

வீட்டில் கணவரிடம் கத்தித் தீர்த்தேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். “வெட்ட மாட்டேன்னு சொல்லப் போறேன். என்ன பண்ணிடுவாங்க?”

“முழுப் புத்தகத்தையும் எடுத்துடுவாங்க” என்றார் அமைதியாக.

“உங்க அக்காகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுங்களேன். அந்தப் புள்ளகிட்ட உண்மையச் சொல்லச் சொல்லுங்க.”

“நானா?” கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது. “அவகிட்டயா? போன தடவ பேச்செடுத்தேன், ‘உன் அத்தான் வெளியூர்ல இருக்கார், உனக்கு வேற வேலையில்லையா’ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டா. அவளே அத நம்ப ஆரம்பிச்சுட்டாளோன்னு பயமா இருக்கு. நீ கொஞ்சம் விட்டுக்குடேன். மீதிக் கதையாவது சிட்டுக்குக் கெடைக்கும்ல?”

இந்த அக்கா தம்பி விஷயத்தில் நான் தலையைக் கொடுத்தால் என் தலைதான் உருளும். ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. மீதிக் கதையாவது.

மறுநாள் பிளேடை எடுத்தேன். நூலால் தைத்துக் கட்டிய புத்தகம் அது. தாளை முதுகோடு ஒட்ட வெட்டினால் மறுபக்கம் அதோடு சேர்த்துத் தைத்த தாளும் உதிர்ந்துவிடும். விரல் அகலம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். அப்படியே வெட்டினேன். வெட்டும்போது ஒவ்வொரு தாளுக்கும் பார்க்கலாம் சாரை மனதுக்குள் ஒரு வார்த்தை திட்டினேன். தாள்கள் தீர்ந்தும் திட்டு தீரவில்லை. நடுவில் பல்லுப்போன ஈறு மாதிரி வெள்ளைத் துண்டுகள் வரிசையாக நின்றன.

வெட்டிய பக்கங்களைச் சார் ஒரு உறையில் போட்டு ஒட்டி, தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். “யாரும் படிச்சுடக் கூடாது பாருங்க” என்றார் என்னிடம். நான் படித்தாயிற்று என்று அவருக்கு ஞாபகம் வந்து, சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிட்டு அன்று மதியமே மோப்பம் பிடித்துவிட்டாள். விளையாட்டு வகுப்பு என்று சொல்லி மேலே ஓடி வந்து, புத்தகத்தைக் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் அட்டை ஒட்டுகிற சாக்கில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்தாள். இன்னொரு இடத்தில் நகத்தைக் கடித்தாள். வெட்டிய இடம் வந்ததும் நின்றாள். முன்னால் புரட்டினாள், பின்னால் புரட்டினாள். அந்த வெள்ளைத் துண்டுகளை விரலால் தடவினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பசை டப்பாவைத் தேடினேன். ஒன்றும் கேட்காமல் மறுபடி குனிந்து, கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, திரும்ப நடுவுக்கு வந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பள்ளி விட்டுக் கொஞ்ச நேரத்தில் அண்ணி வந்தார். கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு, நல்ல தெம்பாக. “வேலை முடிஞ்சுதாமே. எங்க காட்டு பாப்போம்.”

“உங்க பொண்ணு கைலதான் இருக்கு அண்ணி.”

அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வெட்டியாயிற்றே என்று சிட்டுவின் பக்கத்தில் போய் நின்று எட்டிப் பார்த்தார். சுத்தமாக வெட்டியிருக்கிறது என்று தலையை ஆட்டினார்.

“அம்மா,” என்றாள் சிட்டு. “இங்க பாரு. இந்தப் பக்கத்துல அவங்க அப்பா சைக்கிளுக்குக் காத்து அடிச்சுக்கிட்டு இருக்காரு.”

“ம்.”

“அடுத்த பக்கத்துல அம்மாவும் அவளும் அந்த சைக்கிள வித்துட்டு வர்றாங்க. அப்பாவக் காணோம். அதுக்கப்புறம் புத்தகம் முடியற வரைக்கும் காணோம். எங்க போனாருன்னு யாருமே கேக்கல. அவகூடக் கேக்கல.”

“சரி, பைய எடு. போகலாம்.”

“நம்ம வீடு மாதிரியே இருக்கும்மா.”

குறை சொல்கிற குரலே இல்லை. ஒரு ஒற்றுமையைக் கண்டுபிடித்துச் சொல்லும் பிள்ளையின் குரல். அண்ணியின் முகம் கறுத்துவிட்டது. சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லிக்குடுத்தியா?”

“நான் எதுவும் சொல்லல அண்ணி. எனக்குத்தான் பேச அனுமதியே கெடையாதே.”

சிட்டு என்னைப் பார்த்தாள். “அத்தை, நடுவுல என்ன இருந்துச்சு?”

சொல்லியிருப்பேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஏனோ அந்த நேரத்தில் என் கோபம் எனக்கு நல்ல புத்தி கொடுத்தது. “உங்க அம்மாதான் அந்தப் பக்கத்தப் படிச்சாங்க. அவங்களையே கேளு” என்றேன்.

“நீ படிச்சியாம்மா?”

அண்ணி சாவியைக் கைப்பையில் போட்டார், மறுபடி எடுத்தார். ஆய்வகத்தில் யாரோ கண்ணாடிக் குழாய்களைக் கழுவும் சத்தம் கேட்டது. அண்ணி கோபத்தில் கத்தப் போகிறார், புத்தகத்தைப் பிடுங்கிக் கிழிக்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். அதற்குத் தயாராக ஒரு பதிலும் வைத்திருந்தேன்.

அவர் உட்கார்ந்தார். சிட்டு உட்காரும் அளவுக்கான சின்ன நாற்காலி அது. முழங்கால் இரண்டும் மேஜையில் இடித்தன.

“பெட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு” என்றார்.

“யாரு?”

“அந்த... கதைல வர்ற அப்பா.”

“எங்க?”

“வேற வீட்டுக்கு.”

சிட்டு யோசித்தாள். “அவ வீட்டுல இருந்தாளா அப்ப?”

“இல்ல. அவ ஸ்கூலுக்குப் போயிருந்தா. அதுக்குன்னே பாத்துதான் போனாரு.” அண்ணி மேஜையில் இருந்த ஏதோ கீறலை நகத்தால் சுரண்டினார். “அவங்க அம்மாவுக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கற வேலை. பாதி வகுப்புல பர்ஸ மறந்துட்டோமேன்னு வீட்டுக்கு வந்தா, இவரு பச்சைப் பையில துணியெல்லாம் திணிச்சுக்கிட்டு இருக்காரு. ஒரு வார்த்தை பேசல. இவளும் பேசல. வாசல்ல கார்ல வண்டி கத்துக்க வந்த ஆள் உக்காந்திருக்கே, என்னன்னு பேசறது?”

நான் பசை டப்பாவைக் கீழே வைத்தேன். அந்த அத்தியாயத்தை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதில் வருவது தோல் பெட்டி. அந்த அம்மாவுக்கு வேலை தபால் அலுவலகத்தில். பச்சைப் பையும் கிடையாது, வாசலில் காரும் கிடையாது.

“அப்புறம்?” என்றாள் சிட்டு.

“அப்புறம் என்ன. போயிட்டாரு. போகும்போது இஸ்திரிப் பெட்டியையும் எடுத்துக்கிட்டாரு.” அண்ணியின் குரல் திடீரென்று உடைந்தது. “போறவன் போ. இஸ்திரிப் பெட்டிய எதுக்கு எடுத்துட்டுப் போகணும்? காலைல புள்ளைக்கு யூனிஃபார்ம் தேய்க்கணும்னு தோணாது? நான் அன்னிக்கு ராத்திரியே கடைக்கு ஓடி வேற வாங்கிட்டு வந்தேன், தெரியக் கூடாதுன்னு அதே கலர்ல...”

அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். ‘நான்’ என்று சொல்லிவிட்டது அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும்.

சிட்டு புத்தகத்தை மூடவில்லை. அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள்.

“நம்ம இஸ்திரிப் பெட்டியா?”

“ஆமா,” என்றார் அண்ணி. “நம்மளோடதுதான்.”

“அது வயர் லூசும்மா. ஷாக் அடிக்கும்” என்றாள் சிட்டு. “அப்பாவுக்குத் தெரியுமா?”